ஃப்ளாட்வுண்ட் வாங்கும் முன் டென்ஷனைப் பாருங்கள்

பேஸ் கிட்டார் வாசிக்கிற நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "ஃப்ளாட்வுண்ட் கம்பி போடலாம்னு இருக்கேன், எது நல்ல சத்தம் தரும்?" இதே கேள்வியோடு போய் எனக்கு ஒத்துவராத செட்டை வாங்கி, ஃப்ளாட்வுண்டே வேண்டாம் என்று இரண்டு வருஷம் ஒதுங்கியிருந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் டென்ஷனை, அதாவது சுருதிக்கு ஏற்றிய கம்பியின் இழுவிசையை, பாருங்கள்.

வழக்கமான ரவுண்ட்வுண்ட் கம்பியில் நடுக்கம்பியைச் சுற்றி இருப்பது உருண்டைக் கம்பி. விரலை ஓட்டினால் அரத்தில் தேய்ப்பது போலிருக்கும். ஃப்ளாட்வுண்டில் வெளிச்சுற்று தட்டையான நாடா, இடைவெளி தெரியாமல் ஒட்டி ஒட்டி வரும். அதே தடிமனுக்குள் உலோகம் கூடுதலாக அடைபடுவதால் கம்பி கனக்கிறது. கனத்த கம்பியை அதே சுருதிக்குக் கொண்டுவர இன்னும் இறுக்கத்தான் வேண்டும். 45-100 (செட்டின் மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ரவுண்ட்வுண்டில் பழகியவர் அதே எண்ணை நம்பி ஃப்ளாட்வுண்ட் வாங்கினால் பெரும்பாலும் கை திணறும்.

நான் வாங்கியது 52-110. காரணம் ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாட்டுகளில் அவர் வாசித்தது 1962 ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ், அதில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃப்ளாட்வுண்ட். அதையே போட்டால் அந்தச் சத்தம் வந்துவிடும் என்று நம்பினேன். அவர் ஒற்றை விரலால் வாசித்ததையும், ப்ரிட்ஜ் (உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் பாகம்) மூடிக்கு அடியில் கம்பியின் அதிர்வை அடக்க ஃபோம் வைத்திருந்ததையும், கம்பியை லேசில் மாற்றாதவர் என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

மாட்டிய மறுநாளே நெக் (கிட்டாரின் கழுத்து) வில்லாக வளைந்திருந்தது. தடித்த E கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துப் பார்த்தால், ஏழாவது ஃப்ரெட்டில் விசிட்டிங் கார்டை மடித்துச் செருகலாம், அவ்வளவு இடைவெளி. நட்டின் (நெக்கின் மேல் முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்துக்குள் கம்பி இறங்கவே இல்லை, விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அதனால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தும் F சுருதி ஏறியே ஒலித்தது. இரண்டு பாட்டுக்குள் இடது கை கடுத்துவிடும். ஒரு வாரத்தில் கழற்றிவிட்டேன். நெக்குக்குள் வளைவைச் சரிசெய்ய இருக்கும் ட்ரஸ் ராடைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, நட் பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்தியிருந்தால் அந்தச் செட்டோடு வாழ்ந்திருக்கலாம் என்று பிறகுதான் புரிந்தது.

தோமாஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸ் என்ற செட்தான் என்னை ஃப்ளாட்வுண்டுக்குத் திரும்ப அழைத்து வந்தது. அது 43-100. டி'அடாரியோ நிறுவனத்தின் ஃப்ளாட்வுண்டான க்ரோம்ஸில் 45-100 உண்டு. எண்ணைப் பார்த்தால் அண்ணன் தம்பி போலிருக்கும், கைக்கு இரண்டும் வேறு. தோமாஸ்டிக் தளர்வாக வளைந்து கொடுக்கும், விரலால் கொஞ்சம் இழுத்துப் பாடவைக்கலாம். க்ரோம்ஸ் விறைப்பு, சத்தத்திலும் பளிச்சென்று இருக்கும். அடித்து வாசிக்கிற கைக்கு தோமாஸ்டிக் சரிப்படாது, கம்பி அலைந்து ஃப்ரெட்டில் மோதும். தயாரிப்பாளர்கள் பலர் ஒவ்வொரு கம்பியின் டென்ஷனையும் பவுண்டில் வெளியிடுகிறார்கள். தடிமன் எண்ணைவிட அதைத்தான் நான் நம்புவேன்.

ஃப்ளாட்வுண்ட் என்றால் மந்தம், பழைய பாட்டுக்கு மட்டும்தான் என்கிறவர்களுக்கு ஒரு பெயர் போதும்: அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஸ்டீவ் ஹாரிஸ். அவருடைய குதிரைப் பாய்ச்சல் போன்ற வேகத் தாளம் முழுக்க ஃப்ளாட்வுண்டில் வாசித்ததுதான். புதுசாக மாட்டிய வாரத்தில் எந்த ஃப்ளாட்வுண்டும் கொஞ்சம் கூர்மையாகத்தான் கேட்கும். அதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், இரண்டு மாதமாவது வாசியுங்கள். ரவுண்ட்வுண்ட் நாளாக நாளாகச் செத்துப்போகும். ஃப்ளாட்வுண்ட் பழகப் பழகத்தான் கனியும். என் பேஸில் இருக்கிற செட்டுக்கு நாலு வருஷமாகிறது, கழற்ற மனசே வரவில்லை.

மாட்டும்போது ஒன்று. நீளத்தை வெட்டுவதற்கு முன், வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் கம்பியைச் செங்கோணமாக மடித்துவிடுங்கள். மடிக்காமல் வெட்டினால் நாடா பிரிந்து சுழன்று, புதுக் கம்பி அங்கேயே வீணாகலாம்.

நண்பரிடம் இப்போது போட்டிருக்கும் செட்டின் பெயரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நாலு கம்பியின் பவுண்டையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் எதை வாங்குவது என்று பேசப்போகிறோம்.