மே மாதத்து மண்புழுக்கள்

போன மாதம் எதிர்வீட்டு மாமிக்கு வழக்கம்போல ஒரு கட்டு அரைக்கீரை கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு வருஷமாகக் கொடுக்கிறேன். வாங்கிக்கொண்டே, "இவ்ளோ தளதளன்னு இருக்கே, என்னம்மா உரம் போடற?" என்று கேட்டார். மீன் அமிலம் என்றேன். கையிலிருந்த கட்டை அப்படியே செருப்பு ஸ்டாண்டு மேல் வைத்துவிட்டார். "கோவமெல்லாம் இல்லம்மா. ஆனா முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

அவர் சொன்னது சரி. காசிமேட்டிலிருந்து வரும் மீனின் தலையும் குடலும்தான் அது. சம எடை வெல்லம் போட்டு மூன்று வாரம் மூடிவைத்துக் கரைசலை எடுக்கிறேன். என் கீரைக்காக எந்த மீனையும் யாரும் பிடிக்கவில்லை, குப்பைக்குப் போக வேண்டியதைத்தான் எடுக்கிறேன். ஆனால் இதெல்லாம் என் மனசுக்கு நான் சொல்லிக்கொள்ளும் சமாதானம். சைவம் சாப்பிடுகிறவருக்கு இது போதுமா என்று அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். நாலு வருஷம் அந்த முடிவை அவருக்கும் சேர்த்து நானே எடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து, என் மாடித்தோட்டத்தைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் 'இயற்கை' என்ற சொல் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. மாடித்தோட்டக்காரர்கள் கூடும் இடத்தில் எல்லாம், "நாங்க ஒரு உயிரைக்கூடக் கொல்றதில்லை" என்று யாராவது சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் உரம் தயாரிக்க ஒரு கடையில் அரைக் கிலோ ஆப்பிரிக்க மண்புழு வாங்கினேன். பையில் சாணம், காய்ந்த இலை, காய்கறிக் கழிவு போட்டு மேற்கு மாம்பலம் மொட்டை மாடியில் வைத்தேன். மேலே ஒரு பச்சை நிழல்வலை. மே மாதம் ஊரில் கல்யாணம். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து மாடிக்கதவைத் திறந்ததுமே வாடை. பையின் விளிம்பு முழுக்கக் காய்ந்த சேமியா ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தபிறகுதான் புரிந்தது, எல்லாம் புழுக்கள். சூடு தாங்காமல் மேலே ஏறி, வெளியே வர வழி தேடி, விளிம்பிலேயே காய்ந்துபோயிருந்தன. உள்ளே கையை விட்டால் கொதகொதவென்று ஒரு உருண்டை. மண்புழு தோலால் மூச்சு விடுகிற பிராணி, ஈரம் போனால் மூச்சும் போய்விடும். 40 டிகிரியைத் தொடும் சென்னை வெயிலில், கான்கிரீட் தளத்தின் மேல், பிளாஸ்டிக் பைக்குள் அதை வைத்தது நான். விற்றவர் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை, உண்மைதான். நானும் கேட்கவில்லையே.

அவை செடியைத் தின்ன வந்த பூச்சிகள் கிடையாது. எனக்கு வேலை செய்யட்டும் என்று நானே காசு கொடுத்து வாங்கி வந்தவை. ஒரு மாட்டை வாங்கி வந்து வெயிலில் கட்டிப்போட்டுவிட்டு ஊருக்குப் போனால் தெருவே நம்மைத் திட்டும். புழு என்றால் "அடுத்த பேட்ச் வாங்கிக்கலாம்" என்கிறோம். எத்தனை மாடிகளில் ஒவ்வொரு கத்தரி வெயிலுக்கும் இதே கதை நடக்கிறதோ!

தானாக வந்து தானாக வாழ்கிற உயிர் வேறு, நாம் விலைக்கு வாங்கிவந்து அடைத்துவைக்கிற உயிர் வேறு என்று இப்போது நினைக்கிறேன். இரண்டாவதுக்கு நாம் முழுப் பொறுப்பு. சென்னை புதுக்கல்லூரியில் பணியாற்றிய மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணின் புழுக்களைக் கொண்டே உரம் தயாரிக்கலாம் என்று பல காலமாகச் சொல்லிவருகிறார். போன வருஷம் கீழ்வீட்டாரிடம் கேட்டு, வேப்பமர நிழலில் ஒரு சின்னக் குழி எடுத்துச் சாணமும் இலையும் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். மழைக்குப் பிறகு புழுக்கள் தாமே வந்தன. வெயில் ஏறினால் அடிமண்ணுக்குப் போய்விடுகின்றன. போக வழி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம், பூச்சிகள் வந்து ஒட்டிக்கொள்ளப் பசை தடவிய மஞ்சள் அட்டை. வெள்ளை ஈக்காகத் தொங்கவிட்ட அட்டையில் செடிப்பூச்சிகளைத் தின்று நமக்கு உதவுகிற பொறிவண்டு ஒன்று சிக்கி, மறுநாள் காலையிலும் கால்களை அசைத்துக்கொண்டிருந்தது. அன்றோடு அட்டையைக் கழற்றிவிட்டேன். வேப்பெண்ணெய் கூட நாம் நினைக்கிற அளவு சாது இல்லை. அதிலிருக்கும் அசாடிராக்டின் பூச்சிக்குப் பசியை அடக்கும், தோலுரிக்க விடாது. நாள் கணக்கில் இழுத்துக்கொண்டு சாகும். செடியில் வெள்ளை மாவுபோல் ஒட்டிச் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் விரலால் நசுக்கிவிடுவதே மேல் என்பது என் கருத்து. கை கூசும். கூசட்டும், என்ன செய்கிறோம் என்று அப்போதாவது தெரியும்.

பூச்சியை வைத்துப் பூச்சியைக் கொல்வதே தப்பு என்று ஒரு நண்பர் வாதாடினார். அதை நான் ஏற்கவில்லை. 2008-இல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, தன் எதிரிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை மாவு படிந்து கருகின. மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, சோதித்துப் பார்த்து வயல்களில் விட்டார்கள். கடுகைவிடச் சின்னக் குளவி. அதன் குஞ்சு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். கொடூரம்தான். ஆனால் வழி தவறி வந்த பூச்சிக்கு அதன் எதிரியையே அழைத்து வந்ததால், தேனீயும் பொறிவண்டும் விஷத்திலிருந்து தப்பின. வேறு எதையும் தொடாத குளவிதானா என்று ஆராய்ந்துதான் விட்டார்கள். பார்சலில் ஏதோ பூச்சியை வரவழைத்து மாடியில் திறந்துவிடுவதோடு இதைச் சேர்க்கக் கூடாது.

என் எலுமிச்சையை இந்த வருஷம் இலை தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கே விட்டுவிட்டேன். முதலில் பறவை எச்சம் மாதிரி இருக்கும், அப்புறம் பச்சையாகக் கொழுக்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி சிவந்த கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். மாமியின் பேரன் தினமும் சாயங்காலம் அதைத் தொட்டுப் பார்க்கவே வருகிறான். பாதி இலை போய்விட்டது, செடி சாகவில்லை.

மாமிக்கென்று இரண்டு தொட்டி தனியாக வைத்திருக்கிறேன். வெறும் மக்கிய இலையும் வேப்பம் புண்ணாக்கும்தான். சாணம் பரவாயில்லையா என்று கேட்டதற்கு, "அது பரவால்லம்மா" என்றார். கீரை முன்புபோல் தளதளவென்று இல்லை. அடுத்த வாரம் பறிக்கலாம்.