மினரல் மிக்சரை இரட்டிப்பாக்கினால் ஆழ்கூளம் காயுமா?

கோழிக் கொட்டகைத் தரையில் கனமாகப் பரப்பும் உமி, மரத்தூள் படுக்கைதான் ஆழ்கூளம். தீவனத்தில் சேர்க்கும் தாது உப்புக் கலவைதான் மினரல் மிக்சர். "கூளம் ஈரமாகிறதா? தீவனத்தில் மினரல் மிக்சரை இரண்டு மடங்காக்குங்கள், மூன்றே நாளில் காய்ந்துவிடும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. பல பண்ணைகளில் இது ஈரத்தைக் கூட்டவே செய்யும்.

காரணம் சோடியம். சில மிக்சர்களில் உப்பும் சேர்ந்தே வரும். டன்னுக்கு 3 கிலோ உப்பு போட்டாலே சுமார் 0.12% சோடியம் வந்துவிடும். கறிக்கோழிக்கு மொத்தத் தேவையே ஏறத்தாழ 0.2% தான். கருவாட்டுத் தூள், சோடா உப்பு, உப்புத் தண்ணீர் ஆகியவற்றில் வரும் சோடியம் இதற்கு மேல். சோடியம் மிஞ்சினால் கோழி அதிகம் குடிக்கும், எச்சம் நீர்த்துப் போகும். ஆகவே மூட்டையின் லேபிளை முதலில் படியுங்கள்.

மிக்சரில் வரும் கால்சியமும் மிஞ்சக் கூடாது. முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4% வரை சரி. அதே அளவை வளரும் குஞ்சுக்குக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும்.

ஜியோலைட் என்ற தாதுப்பொடி வேறு வகை. டன்னுக்கு 10 முதல் 20 கிலோ கலந்தால் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயுவை ஓரளவு பிடித்து வைக்கும். ஆனால் அதில் சத்து கிடையாது. கூட்டக் கூட்டத் தீவனத்தின் எரிசக்தி குறையும். ஒழுகும் நிப்பிளை (கோழி தண்ணீர் குடிக்கும் குழாய் முனை) அது அடைக்காது!

கூளத்தை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்குங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். நிப்பிள் வரிசைக்கு அடியில் மட்டும் அப்படி இருந்தால் கோளாறு குழாயில். உயரத்தையும் அழுத்தத்தையும் சரிசெய்து, கட்டிப்போனதை அள்ளி வெளியே போடுங்கள். கொட்டகை முழுக்க ஈரமென்றால் காற்றோட்டம், தீவன உப்பு, குடல் நோய் என வரிசையாகப் பாருங்கள். கோழிகள் உள்ளே இருக்கும்போது சுண்ணாம்பு தூவ வேண்டாம். காரத்தன்மை ஏறி அம்மோனியா குபீரென்று கிளம்பும்.