முடியாது என்றால் முன்பே சொல்லுங்கள்

தேனிலவுக்குப் போன கடற்கரை விடுதியில் எங்கள் நாய் மணியை அறைக்குள் விட மறுத்ததைப் போன பதிவிலேயே எழுதிவிட்டேன். திரும்ப விவரிக்கப் போவதில்லை. ஆனால் அதற்கு வந்த பதில்களைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. விடுதிக்காரர் செய்ததைப் பற்றிப் பாதிப் பேர் ஒரு வார்த்தை பேசவில்லை. "தேனிலவுக்கு யாராவது நாயைக் கூட்டிக்கொண்டு போவார்களா?" என்று என்னைத்தான் விசாரிக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாய்க்கு அனுமதி இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். போனில் கேட்டபோது "தாராளமாக அழைத்து வாருங்கள்" என்றார்கள். என்ன இனம், கடிக்குமா, ஊசி போட்டாயிற்றா என்றெல்லாம் விசாரித்தார்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைப் படமெடுத்து அனுப்பினேன். நாய்க்கென்று தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். பெட்டியோடு வாசலில் போய் நின்ற பிறகு, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கட்டிப்போடச் சொன்னால் எப்படி? மணிக்கு வயதாகிவிட்டது. அந்த டீசல் நாற்றத்திலும் சத்தத்திலும் அவனை விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் கடலைப் பார்த்தபடி காபி குடிக்க வேண்டுமா?

மற்ற விருந்தினர்கள் பயப்படுவார்கள் என்கிறீர்கள். நியாயம். நாயைக் கண்டாலே நடுங்குகிறவர்கள் உண்டு. என் நாத்தனாரே அப்படித்தான். அவர்களுடைய பயத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். அதனால்தான் முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்கிறேன். பணம் வாங்கும்போது இல்லாத பயம், சாவி கொடுக்கும்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி முதல் வகுப்பில் இரண்டு பேர் படுக்கும் கூபேயையோ நான்கு பேர் படுக்கும் கேபினையோ முழுதாக எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஸ்லீப்பர் எதிலும் கூடாது. கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில்தான் ஏற்ற வேண்டும். அந்தக் கூண்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்சல் ஆபீசில் முன்கூட்டியே கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். கூபே கிடைக்குமா என்பது சார்ட் போடும்வரை உறுதியில்லை என்பதால்தான் நாங்கள் காரை எடுத்துக்கொண்டு போனோம்.

2025 ஆகஸ்டில் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார் ஒருவர். வீட்டுக்குள் வளர்ந்து, ஆண்டு தவறாமல் ஊசி போட்டு, கழுத்தில் பட்டையோடு வரும் நாய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரே ஒருவர்தான் உருப்படியான விஷயம் சொன்னார்: ஆமைகள். தை மாதம் கல்யாணம் முடித்துக் கடற்கரைக்குப் போகிறவர்கள், பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலத்தில்தான் போகிறோம். மணலுக்குள் இருக்கும் முட்டையை நாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும். அதனால் கடற்கரையில் நாயை அவிழ்த்துவிடவே கூடாது; இருட்டிய பிறகு மணல் பக்கம் கூட்டிக்கொண்டு போகவும் கூடாது. நாங்கள் அப்படித்தான் நடந்துகொண்டோம். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்ன அந்த அண்ணனுக்கு நன்றி.

அன்று மாலையே அந்த விடுதியிலிருந்து கிளம்பித் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தோம். தெரிந்தவர் மூலம் ஒரு வீட்டின் மாடியறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மா எங்களிடம் முதலில் கேட்டது, "நாய்க்குத் தண்ணீர் வைக்க மண்சட்டி தரட்டுமா?" என்பதுதான். வாசலில் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொழுது விடிந்ததும், டேனியர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையைத் தாண்டி மணலுக்கு இறங்குவோம். ஒரு பக்கம் அலை அரித்துப் பாதியைக் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயில். இன்னொரு பக்கம் வலையை உதறிக்கொண்டிருக்கும் மீனவர்கள். படகு நிழலில் படுத்திருக்கும் குப்பத்து நாய்கள் தலையைத் தூக்கினால் நாங்கள் திரும்பிவிடுவோம். அது அவர்கள் இடம். மணி ஒவ்வொரு நண்டு வளையாக மூக்கை நுழைப்பான், மணலை உறிஞ்சிவிட்டுத் தும்முவான், அடுத்த வளைக்குப் போவான். கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தி எடுப்பான் என்று நல்ல தண்ணீர் பாட்டிலோடுதான் நடப்போம். வெயில் ஏறியதும் புறங்கையை மணலில் வைத்துப் பார்ப்பேன். என் கை பொறுக்காத சூட்டை அவன் பாதம் எப்படிப் பொறுக்கும்? வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, விரலிடுக்கில் ஒட்டிய மணலை என் கணவர் ஒவ்வொன்றாகக் கழுவிவிடுவார். பிறகு மின்விசிறிக்குக் கீழே மூன்று பேரும் சாயங்காலம் வரை தூங்குவோம். கல்யாண வீட்டு இரைச்சலெல்லாம் என் காதிலிருந்து இறங்கியது அங்கேதான்.

"பராமரிப்பு மையத்தில் விட்டிருக்கலாமே" என்கிறீர்கள். விட்டிருக்கிறோம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேறு வழியில்லாமல் விட்டோம். வைத்த சோற்றைத் தொடவே இல்லையாம். நாங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வந்தபோது எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. அப்பா திரும்பி வரவே இல்லை. இன்றைக்கும் தெருவில் டிவிஎஸ் ஐம்பது வண்டிச் சத்தம் கேட்டால் மணி கேட்டுக்கு ஓடுகிறான். இப்போது நானும் புகுந்த வீட்டுக்கு வந்தாயிற்று. வந்த கையோடு அவனை எங்கேயோ அடைத்துவிட்டுப் போனால், அவன் என்ன நினைத்துக்கொள்வான்? கூட்டிக்கொண்டு போகலாம் என்று முதலில் சொன்னதே என் கணவர்தான். இதில் உங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று?

இதெல்லாம் மேல்நாட்டு மோகம் என்று எங்கள் சித்தப்பா ஒருவர் எழுதியிருக்கிறார். சித்தப்பா, நீங்களும் கோவில்பட்டிக்காரர்தானே? மணி கன்னி நாய்; நம் பக்கத்து நாட்டு இனம். கறுத்த உடம்பு, கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கன்னிக்குட்டியைச் சீராக அனுப்பும் வழக்கம் நம் பக்கத்தில் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லி நீங்கள் கேட்டதில்லையா? திருவண்ணாமலைப் பக்கம் எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும், இரண்டு கள்ளர்களை அது கடித்ததையும் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். எந்த மேல்நாட்டைப் பார்த்து அவர்கள் அதைச் செய்தார்கள்?

கடைசியாக அத்தைக்கு. "இப்போதே நாயைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் நாளைக்குப் பிள்ளை பெற்று எப்படி வளர்ப்பாள்?" என்று நாலு பேர் பார்க்க எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி மூச்சுவிட நேரமில்லை, அதற்குள் இந்தப் பேச்சா? ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அப்பா வீட்டில் படுக்கையில் இருந்தபோது சொந்தபந்தங்களில் எத்தனை பேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? கட்டிலுக்குக் கீழே இரவு முழுவதும் கண்ணை மூடாமல் கிடந்தது மணிதான். அவனைத்தான் நான் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்கிறீர்கள்.

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்கு வருகிறோம். உங்கள் வீட்டில் தங்குவதாகத்தான் இருந்தோம். மணியும் வருகிறான். அவனுக்கு இடமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் அத்தை. ஊரில் வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம்.