அது பதினாறாம் லூயி தப்பிச் சென்ற வண்டியின் வரைபடம் அல்ல

பழைய குதிரை வண்டிப் படம் ஒன்று பரவுகிறது. "1791இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி குடும்பத்தோடு தப்பிச் சென்ற வண்டியின் அசல் வரைபடம், உலகில் இது ஒன்றுதான்" என்கிறது கூடவே வரும் குறிப்பு. இரண்டுமே தவறு.

படத்தின் கீழே 'செலியே-கரோசியே' என்று பிரெஞ்சில் இருக்கிறது. சேணமும் வண்டியும் செய்பவர் என்று பொருள். பிரெஞ்சு அறிஞர்கள் திதரோவும் தலாம்பேரும் தொகுத்த கலைக்களஞ்சியத்தில் அந்தத் தொழிலுக்கான தலைப்பு அது. அதன் படத் தொகுதிகள் 1762 முதல் 1772க்குள் வெளிவந்துவிட்டன. மன்னர் தப்ப முயன்றதோ 1791 ஜூனில். அவர் போனதும் படத்தில் உள்ளதைப் போல 'பெர்லின்' எனப்படும் மூடிய நான்கு சக்கர வண்டிதான், குழப்பம் அங்கேதான் வந்திருக்க வேண்டும். ஆனால் பெர்லின் என்பது ஒரு வகையின் பெயர், தனி ஒரு வண்டியின் பெயர் அல்ல.

சரி, ஒரே பிரதியா? செப்புத் தகட்டில் கோடு செதுக்கி, மை தடவி, அழுத்தி எடுத்த அச்சு இது. முதல் பதிப்பே 4,000 பிரதிகளைத் தாண்டியது. பிரித்தெடுத்த தாள்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. விலை கொடுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

உண்மையில் இந்தப் படத்தின் அருமையே வேறு. வண்டிப் பெட்டி தோல் வார்களில் தொங்கும் விதத்தை ஒரு தொழிலாளியின் கண்ணோடு காட்டுகிறது.