டில் ஏன் அழுதான்?

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதை அட்டிகஸ் என்ற நேர்மையான வக்கீலின் கதையாகவே கட்டுரையாளர் பார்க்கிறார். என் மனதில் தங்கியது, அட்டிகஸின் மகள் ஸ்கவுட்டின் தோழனான சிறுவன் டில்லின் அழுகைதான்.

மயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணை வன்புணர்ந்ததாகப் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சன்; அவருக்காக வாதாடுபவர் அட்டிகஸ். குறுக்கு விசாரணையில் டாமை அரசு வக்கீல் வாய்க்கு வாய் 'பையா' என்கிறார். டாம் கல்யாணமானவர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். டில்லுக்குத் தாங்கவில்லை, தேம்புகிறான். வெளியே கூட்டிவந்த ஸ்கவுட் சொல்கிறாள், அவன் நீக்ரோதானே என்று. அட்டிகஸின் மகளே இப்படி! அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நல்ல வீட்டுக் குழந்தைக்குள்ளும் ஊரின் நஞ்சு எவ்வளவு அமைதியாக இறங்கிவிடுகிறது!

அடிபட்டது மயெல்லாவின் முகத்தின் வலப்பக்கத்தில். டாமின் இடக்கையோ சிறுவயதிலேயே பஞ்சு அரைக்கும் எந்திரத்தில் சிக்கி விளங்காமல் போனது. அவளுடைய அப்பா இடக்கைக்காரர். நடுவர்கள் (ஜூரிகள்) இதையெல்லாம் கண்ணால் பார்த்தார்கள், பார்த்தும் குற்றவாளி என்றார்கள். கற்பனை என்று ஒதுக்கவும் வழியில்லை. 1931இல், நாவல் நடக்கும் அதே அலபாமா மாநிலத்தில், இதே போன்ற பொய்க் குற்றச்சாட்டில் எழுந்த ஸ்காட்ஸ்பரோ வழக்கில், ஒன்பது கறுப்பின இளைஞர்களில் எட்டுப் பேருக்கு வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழுக்கள் சில நாட்களிலேயே மரண தண்டனைக்கு வழிசெய்தன. நடுவர் பட்டியலிலிருந்து கறுப்பினத்தவரை விலக்கியது தவறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 1935 ஆனது.

ஒரே குறை. டாமின் மனைவி ஹெலனுக்கு நாவலில் இடம் மிகக் குறைவு. டாம் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியோடு அட்டிகஸ் வாசலுக்கு வந்ததுமே அவள் மண்ணில் சரிகிறாள். அந்த வீட்டுக் குழந்தைகளின் கண்ணால் யாராவது இந்தக் கதையை எழுதியிருக்கக் கூடாதா?