படியும் கேக்கும்
உல்லாசக் கப்பல் பயணத்தில் எடை கூடாமலிருக்க வழி சொல்லும் கட்டுரை ஒன்று படித்தேன்; லிப்டை விட்டுப் படியேறினாலே தின்றது கரைந்துவிடும் என்கிறது அது. எனக்கு நம்பிக்கையில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு நான்கு இரவு கப்பலில் போனபோது நாள் முழுக்கப் படியேறினேன். திருகோணமலைக்குத் திரும்பி நிறுத்துப் பார்த்தால் 2 கிலோ கூடியிருந்தது. காரணம் பசியில்லை, பின்னேரம் தேநீரோடு வைக்கும் கேக் மேசை. பெரிய கேக் துண்டு ஒன்றில் 300 கலோரிக்கு மேல் இருக்கும். பத்து மாடி ஏறினால் செலவாவது சுமார் 25 தான். அப்புறம், கரையிறங்கும் நாளைக் கட்டுரை மறந்தேவிட்டது. எங்கள் ஊரில் இறங்கினால் பிரெட்ரிக் கோட்டை வாசலிலேயே வாகனத்தை விட்டுவிட்டு, அங்கே திரியும் மான்களைப் பார்த்தபடி, கோட்டைக்குள் குன்றின் மேலிருக்கும் கோணேசர் கோயில் வரை நடந்து ஏறுங்கள். வியர்க்கும், சரி. இறங்கி வந்து இளநீர் குடித்தால் போயிற்று, சீனி கரைத்த ஜூஸ் வேண்டாம்.