பச்சைன்னாலே நாய்ஸ் இல்லைங்க
விண்வெளி ஃபோட்டோ எடிட் பண்றதை பத்தி ஒருத்தர் "விண்வெளில பச்சையே கிடையாது, அதனால எந்த படமா இருந்தாலும் கிரீனை மொத்தமா எடுத்துடுங்க"ன்னு சொல்லிருக்கார். பாதிதான் சரி. நட்சத்திரம் நம்ம கண்ணுக்கு பச்சையா தெரியாதுங்கிறது உண்மை, ஆனா நெபுலா, அதாவது விண்வெளில இருக்கற வாயு, தூசு மேகம், வேற கதை. ரெண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்ஸிஜன், அதான் ஓ-த்ரீ, 500.7 நானோமீட்டர்ல ஒளி விடுது, அது பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவுல விழுற கலர், டம்பெல் நெபுலா மாதிரி பிளானட்டரி நெபுலால (சாகப்போற நட்சத்திரம் வெளிய தள்ளின வாயுக்கூடு) பாதி அழகே அதுதான். வால்மீன் தலைல தெரியற பச்சையும் நிஜம், அது டைஅட்டாமிக் கார்பன், அதாவது ரெண்டு கார்பன் அணு சேர்ந்த மூலக்கூறு, பண்ற வேலை. கண்ணை மூடிட்டு எஸ்சிஎன்ஆரை (பச்சையை நாய்ஸா நினைச்சு குறைக்கிற எடிட்டிங் டூல்) ஃபுல் அமவுண்ட்ல போட்டா இதெல்லாம் வெளுத்துப்போயிடும்.

கலர் கேமரா சென்சார்ல நாலு பிக்சலுக்கு ரெண்டு கிரீன், அதோட கிரீன்லதான் சென்சிடிவிட்டியும் ஜாஸ்தி, அதனால பல ஃபோட்டோவை ஒண்ணா சேர்த்து ஸ்டாக் பண்ணதும் படம் பச்சையடிக்கிறது சகஜம். அதுக்கு முதல்ல பேக்கிரவுண்ட் கிரேடியன்ட்டை (பின்னணி வெளிச்சம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைஞ்சு இருக்கறது) எடுத்துட்டு கலர் கேலிபரேஷன், அதாவது கலரை நிஜத்துக்கு சரிபண்றது, பண்ணுங்க, முக்காவாசி அங்கயே சரியாயிடும். மிச்சம் இருந்தா ஒரு மாஸ்க் போட்டு எடிட் படாம நெபுலாவை மூடிட்டு பேக்கிரவுண்ட்ல மட்டும் குறைங்க. ஃபோட்டோஷாப்னா செலக்டிவ் கலர்ல கிரீன்ஸை மட்டும் தேர்ந்தெடுத்து மெஜந்தாவை கொஞ்சமா ஏத்துங்க, சியான்ஸ்ல கை வைக்காதீங்க, ஓ-த்ரீ பெரும்பாலும் அங்கதான் உக்காந்திருக்கும்.

ஹப்பிள் பேலட், அதாவது குறிப்பிட்ட வாயுக்களோட ஒளியை தனித்தனியா எடுத்து நாமளே கலர் குடுக்கற முறை, தனி கேஸ். அதுல ஹைட்ரஜன் ஆல்ஃபாவையே (ஹைட்ரஜன் விடற சிவப்பு ஒளி) கிரீன் சேனல்ல போடறோம், அங்க பச்சையை குறைக்கிறது முழுக்க உங்க ரசனை.